தேரித் தேரை

“மழை விட்டுட்டு, கனி. குட்டையில தண்ணி எவ்வளவு நிக்குன்னு பாத்துட்டு வாரேன். நீ உள்ளயே இரு” என்று சொல்லிவிட்டு வேதமாணிக்கம் கார்க் கதவைச் சாத்தினார். ஜெபக்கனி தலையாட்டினாள். இப்போதாவது சொல்லியிருக்கலாம். சாத்தான்குளம் தாண்டி டீ குடிக்க நின்றபோதே சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாள். டீ சூடாக இருந்தது, அவர் ஊதி ஊதிக் குடித்தார், ஊதிக்கொண்டிருக்கிற மனுஷனிடம் இதை எப்படிச் சொல்ல என்று விட்டுவிட்டாள். பிறகு கொல்லாமரத் தோப்பு வரட்டும் என்று நினைத்தாள். தோப்பு வந்தது, போயிற்று. இப்போது அவர் பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி, சிவந்த மணலில் இறங்கிப் போகிறார். மழை நனைத்த தேரி மணல்மேடு, செங்கல்பொடியைக் குழைத்துக் கொட்டியதுபோல் கண்ணெட்டும்வரை கிடக்கிறது. நடுநடுவே பனைகள், உடைமரங்கள். இந்த முதுகு எப்போது இப்படிக் கூனிற்று? தினமும் பார்க்கிற முதுகுதானே. தினமும் பார்க்கிறதைத்தான் பார்ப்பதே இல்லை போல. கண்ணாடியில் ஆவி படிந்தது, துடைத்தாள், அவர் கொஞ்சம் சிறியவராகத் தெரிந்தார். காலையில் இசக்கியப்பன் போனில் சொன்னதை அவளால் இன்னும் ஒரு முழு வாக்கியமாகக் கோத்துக்கொள்ள முடியவில்லை. துண்டு துண்டாகக் கிடந்தது. மேடம். ஜாடியில இருக்கிறது. மரபணு. பாதிக்குப் பாதி. இசக்கியப்பன் அவளிடம் படித்தவன், இப்போது பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறான். பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொண்டான். அவன் செருமியபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. யாரும் நல்ல சேதிக்குச் செருமுவதில்லை. அந்த ஆஸ்பத்திரி டாக்டரும் அப்படித்தான் செருமினார். இல்லை, இதில் போய் அதை ஏன் சேர்க்கிறாள். அது வேறு. இது தேரை. ஒரு தேரையைப் பற்றிய சேதி. கேட்டால் பிள்ளைகள்கூடச் சிரிப்பார்கள், மேடத்துக்கு ஒரு தேரை சாதி மாறிப்போச்சாம் என்று.

ஓர் உயிருக்குப் பெயர் வைக்கிறவர்கள் அதைக் காற்றிலே வைத்துவிட முடியாது. ஏதாவது ஓர் உடலைக் காட்டி, இதுதான், இந்தப் பெயர் இதற்குத்தான் என்று சாராயத்தில் போட்டு மூடிவைக்க வேண்டும். பிறகு அதைப்போல் இருப்பதெல்லாம் அதன் பெயரைப் பெற்றுக்கொள்ளும். வகுப்பில் எத்தனை முறை இதைச் சொல்லியிருக்கிறாள், ஞானஸ்நானம் மாதிரி என்றுகூடச் சொல்வாள், பையன்கள் சிரிப்பார்கள். தேரித் தேரைக்கு அப்படி மூடிவைத்த உடல் அவர்கள் கல்லூரி அலமாரியில் இருக்கிறது. சின்னது, உள்ளங்கையில் அடங்கும். உயிரோடு இருந்தபோது மணல் நிறம், இப்போது பழைய தந்தம்போல் வெளுத்துவிட்டது. அதன் பெயரில் இரண்டாவது சொல் பெனிட்டே. பெனிட்டாவுடையது என்று லத்தீனில் அர்த்தம். பெனிட்டாவுடைய தேரை. உலகத்தில் எங்கே இந்தத் தேரையைப் பற்றி எழுதினாலும் அந்தப் பெயரைத்தான் எழுத வேண்டும். ஜப்பான்காரன் எழுதினாலும். ஒரு கருத்தரங்கில் வெள்ளைக்காரர் ஒருவர் மேடையில் நின்று அவள் மகளின் பெயரை நாக்கு சுளுக்கியதுபோல் உச்சரித்தார், பெனீட்டீ என்று. அவள் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். அழத்தான் போனாள். அழுகை வரவில்லை. என்னவோ ஒரு சந்தோஷம் மாதிரி வந்தது, அதுதான் பயமாக இருந்தது. செத்தவளுக்கு ஊர் ஊராகச் சம்பந்தம் பேசுகிறோமா என்று தோன்றிற்று. இப்போது இசக்கியப்பன் சொல்கிறான், ஜாடியில் இருப்பது தேரித் தேரையே இல்லை என்று. பாதி தேரித் தேரை, பாதி ஊர்த் தேரை. வாய்க்கால் ஓரத்தில், கக்கூஸ் மூலையில், தெருவிளக்குக்குக் கீழே பூச்சிக்குக் காத்திருக்குமே, தலையில் கறுப்பு வரம்பு கட்டிய அந்தச் சாதாரணத் தேரை. இரண்டும் கூடிப் பிறந்தது. கலப்புக்கு வைத்த பெயரை அதன் தாயினத்துக்கும் வைக்கக் கூடாது, தகப்பன் இனத்துக்கும் வைக்கக் கூடாது. விதி அப்படி. அதுவும் அவள் வகுப்பில் சொல்கிற விதிதான். அப்படியானால் பெனிட்டே என்பது யாருடைய பெயர்? மணலுக்குள் இருக்கிறதே நிஜத் தேரித் தேரை, அதற்கு இத்தனை வருஷமாகப் பெயரே இல்லையா? பேரில்லாமலா இருந்தாய் நீ என்று அவள் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். காரில் யாருமில்லை.

அந்தத் தொட்டி. எல்லாம் அந்தத் தொட்டியில் ஆரம்பித்தது. தேரி ஓரத்தில் ஒருவர் தென்னை வைத்துக் கிணறு வெட்டி மோட்டார் போட்டிருந்தார், அதன் தொட்டி. பெனிக்கு அப்போது பால்பல் விழுந்திருந்தது, இல்லை, ஆடிக்கொண்டிருந்தது. நாக்கால் அதை ஆட்டிக்கொண்டே இருப்பாள். அன்றைக்கு அவளை வீட்டில் விட்டுவர ஆள் இல்லை. அதனால்தான் கூட்டிவந்தார்கள். உள்தேரிக்குள் அப்பாவும் அம்மாவும் போய்த் தேரைகளைப் பிடித்துக்கொண்டிருக்க, தோட்டக்காரர் வீட்டு அக்காளோடு இவள் தொட்டியடியில் விளையாடினாள். திரும்பி வந்தபோது ஒரு பிளாஸ்டிக் கப்பை இன்னொரு கையால் பொத்திக்கொண்டு நின்றாள். “ம்மா, நா ஒண்ணு புடிச்சேன். இது என்னையப் பாத்துச்சு.” உள்ளே அது இருந்தது. பார்த்தது. இரண்டு நாளைக்கு வாளியில் ஈரமணல் போட்டு வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் அது செத்துக் கிடந்தது. அவள் அழுத அழுகையில் வேதமாணிக்கம் “அத அப்பா பத்திரமா வச்சுக்கிடுதேன், கெட்டுப்போகாது” என்று ஜாடியில் போட்டார். அது தேரிப் பக்கத்து உருப்படிகளோடு உருப்படியாக அலமாரியில் இருந்தது. பிறகுதான் காய்ச்சல், பிறகுதான் ரத்தப் பரிசோதனை. பிறகு அந்த ஆஸ்பத்திரி, செருமல், முடி கொட்டினது. எல்லாம் முடிந்து வெகுகாலம் கழித்து, கட்டுரை எழுத உட்கார்ந்தபோது, பெயரை எந்த உடலில் கட்டுவது என்ற கேள்வி வந்தது. மேசைமேல் ஜாடிகளை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் கை தானாக அந்த ஜாடிக்குப் போயிற்று. வேதமாணிக்கம் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, “உள்தேரியில பிடிச்சது இதவிட நல்லதா இருக்கே கனி. இதுக்குத் தலையில லேசா வரம்பு மாதிரி தெரியுது” என்றார். “இதுதான்” என்றாள் அவள். அவர் அளவுகோலைக் கீழே வைத்தார். அவ்வளவுதான். அந்த வரம்பை அவளும் பார்த்தாளா? பார்த்திருப்பாள். விரல் நுனியில் நூலளவு தடிப்பு. வயதான தேரை, தோல் தடித்திருக்கும் என்று எழுதினாளா, நினைத்தாளா, நினைத்ததாக இப்போது நினைக்கிறாளா? அந்தப் பக்கமெல்லாம் ஊர்த் தேரை கிடையாது என்பதுதான் அப்போது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தேரிக்குள் தண்ணீர் நிற்காது, ஊர்த் தேரை வராது, மணலுக்குள் புதைந்து கிடந்து மழைக்கு மட்டும் எழுந்து வருகிற இதுதான் இங்கே ராஜா. ஆனால் தோட்டம் வந்தால் தொட்டி வரும், தொட்டி வந்தால் வாய்க்கால் வரும், வாய்க்கால் வழியே அது வரும். வந்துவிட்டிருக்கிறது. அவர்கள் பார்ப்பதற்கு முன்னாலேயே வந்து, கலந்து, முட்டையிட்டு, அதில் பிறந்த ஒன்று தொட்டியடியில் உட்கார்ந்து ஒரு குழந்தையைப் பார்த்திருக்கிறது.

இதிலே வேறொன்றும் இருக்கிறது. அதை நினைக்கக் கூடாது என்று வைத்திருக்கிறாள்; நினைக்கக் கூடாது என்று வைத்ததுதான் முதலில் வந்து நிற்கிறது. அடக்கம் முடிந்து வந்தவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஞானப்பூ மதினி, வேதமாணிக்கத்தின் அக்காள், முற்றத்தில் யாரிடமோ சொன்னாள், மெதுவாகத்தான் சொன்னாள்: “தேரை விழுந்த பிள்ளை தேறுமா? தாயே கொண்டுபோய்த் தேரையக் கையில புடிக்க விட்டிருக்கா. படிச்சு என்னத்துக்கு.” தேரை விழுந்த பிள்ளை. பிள்ளை மெலிந்து, வயிறு ஒட்டி, விலா எலும்பு எண்ணும்படி ஆகிவிட்டால் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். தேரை மோந்த தேங்காய்க்குள் பருப்பு இருக்காது என்பார்கள். பெனி கடைசியில் அப்படித்தான் ஆனாள், தூக்கினால் கையில் கனமே இல்லாமல். ஜெபக்கனிக்குத் தெரியும், அது ரத்தத்தில் வந்த புற்று, தேரைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. டாக்டரிடம்கூட ஒருமுறை, கேட்காததுபோல் கேட்டிருக்கிறாள், அவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, “நீங்க ஸுவாலஜி தானே எடுக்கீங்க?” என்றார். தெரியும். தெரிந்தும், அன்றைக்குத் தொட்டியடியில் பிள்ளை கையைக் கழுவினாளா என்று வரும். காதுக்குப் பின்னால் இரண்டு புடைப்பில் பால்போல் விஷம் வைத்திருக்கும் பிராணி, அதைப் பொத்திப் பிடித்த கை, அந்தக் கையால் ஆடுகிற பல்லைத் தொட்டிருப்பாள். சோப்பு இருந்ததா? இருந்தது, தோட்டக்காரர் வீட்டில் துணி சோப்பு, நீலம். நான்தான் தேய்த்துவிட்டேன். இல்லை, அது வேறொரு நாள், பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குப் போய்வந்து சாயம் கழுவினது. அப்படியானால் தொட்டியடியில்? அதிலே அந்தப் படம் நின்றுவிடும், மேலே ஓடாது. கப், சின்ன விரல்கள், விரலுக்கிடையில் ஈரம். கழுவினேனா. எந்தப் பிள்ளையும் தேரையைத் தொட்டதால் செத்ததில்லை, ஜெபக்கனி. சரி. கழுவினேனா? பிறகு அந்தத் தேரைக்கே பிள்ளையின் பெயரையும் வைத்தாள். மதினி அதைக் கேள்விப்பட்டு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். ஏன் வைத்தாய் என்று யாராவது நெஞ்சைப் பிடித்துக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? அவள் நினைவுக்காக. பொய். மதினிக்கு எதிராக. அதுவும் முழுக்க நிஜமில்லை. அவளைக் கொன்றது இதுவென்றால், இது அவள் பெயரைச் சுமக்கட்டும், உலகம் உள்ளளவும் சுமக்கட்டும் என்றா? சே. அப்படியொரு நினைப்பு அவளுக்கு இருந்ததா, இப்போது இந்தக் காருக்குள் மூச்சு முட்டுவதால் முளைக்கிறதா?

கதவைத் திறந்து இறங்கினாள். ஈரமணல் குளிர்ச்சியாக இருந்தது. சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. குட்டை பெரிதாகத்தான் இருந்தது; அதன் அந்தக் கரையில் புதிதாக வெட்டிய கால்வாயின் சிமெண்டுத் திண்டு வெள்ளையாகத் தெரிந்தது. வேதமாணிக்கம் தேரைகளின் குரலைப் பதிய ஒலிவாங்கியைக் குச்சியில் கட்டித் தண்ணீர்ப் பக்கம் நீட்டி நட்டுக்கொண்டிருந்தார்.

“நல்லவேளை வந்தே. ஆரம்பிச்சாச்சு, கேளு” என்றார்.

கேட்டாள். தேரித் தேரையின் குரல் விட்டு விட்டு வரும், யாரோ தயங்கிக் கதவைத் தட்டுவதுபோல். ஊர்த் தேரையின் குரல் ஒரே இழுப்பு, தையல் மெஷின் ஓடுவதுபோல். இரண்டையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இப்போது கேட்டது இரண்டுமில்லை. இழுப்பாக ஆரம்பித்தது, நடுவில் தடுமாறிற்று, தட்டல் தட்டலாக உடைந்தது, மறுபடி இழுக்கப் பார்த்தது. இன்னொன்று அதற்குப் பதில் சொன்னது, அதுவும் தடுமாறிற்று. எங்கோ தூரத்தில் சுத்தமான தட்டல் ஒன்று கேட்டதுபோல் இருந்தது. காதைத் தீட்டினால் இல்லை.

“அத்தான், காலையில இசக்கியப்பன் பேசினான்.”

“ம்.”

“நம்ம ஜாடியில இருக்கது தேரித் தேரை இல்லையாம். கலப்பாம்.”

அவர் குச்சியை இன்னும் கொஞ்சம் அழுத்தி நட்டார். ஆடவில்லை என்று தெரிந்தபிறகும் அழுத்தினார். “எந்த ஜாடி?” என்றார். பெயர் கட்டிய ஜாடி ஒன்றுதான் உண்டு.

“பெனி புடிச்சது.”

வீட்டில் அந்தப் பெயரை அவர்கள் சொல்வதில்லை. வகுப்பில், கட்டுரையில், லத்தீன் வாலோடு சொல்வார்கள், வால் இல்லாமல் சொல்வதில்லை. சொன்னதும் இரண்டு பேருமே தண்ணீரைப் பார்த்தார்கள். பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள், கொட்டுகிற மாதிரி, முன்னது பின்னதாக. பெயர் விழுந்துவிடும் என்று சொன்னாள். ஒரு வழி இருக்கிறது என்றும் சொன்னாள்: உயிரினப் பெயர்களைத் தீர்மானிக்கிற சர்வதேசக் குழுவுக்கு மனுப் போடலாம், அந்தப் பழைய உடலைத் தள்ளிவிட்டு, உள்தேரியில் பிடித்த சுத்தமான தேரை ஒன்றில் பெயரைக் கட்டிக்கொள்கிறோம் என்று கேட்கலாம். நியாயமான காரணம் இருப்பதால் ஒப்புக்கொள்வார்கள் என்று இசக்கியப்பன் சொல்கிறான். நாளைக்குள் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

“பின்ன என்ன? மனுப் போடச் சொல்லு” என்றார் வேதமாணிக்கம். குரல் உரத்துவிட்டது. “ஜாடியத் தள்ளினாத் தள்ளட்டும். பேரு நிக்கணும் கனி. நீயும் நானும் போனதுக்கப்புறம் அவளுக்கு யாரு இருக்கா? கல்லறைக்குப் போற ஆளு யாரு? நூறு வருஷம் கழிச்சு எவனோ ஒருத்தன் இந்தத் தேரையப் பத்திப் படிக்கும்போது அந்தப் பேர வாயால சொல்லுவான்லா? அது போதும் எனக்கு.”

அவர் இப்படி நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது. பெயர் வைத்தது அவள் பிடிவாதம், அவர் பொறுத்துக்கொண்டார் என்றுதான் இத்தனை காலம் எண்ணியிருந்தாள். சரி, மனுப் போடலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். வேறு ஏதோ வந்தது.

“மத்த தேரை எதையும் அவ தொடலையே, அத்தான்.”

“என்னது?”

“உள்தேரியில நாம புடிச்சதுல எதையும் அவ தொடல. பாத்ததுகூட இல்ல. அவ தொட்டது அது ஒண்ணத்தான். இப்ப அதத் தள்ளிட்டு, அவ பாக்காத ஒண்ணுக்கு அவ பேர வச்சா, அது… எனக்குச் சொல்லத் தெரியல. அப்ப பேரு மட்டுந்தான் இருக்கும்.”

“பேருதான கேக்கோம்.”

“எனக்கு என்ன வேணும்னு எனக்கே குழப்பமா இருக்கு” என்றாள். “மதினி சொன்னதக் கேட்டீங்களா, அன்னைக்கு? காப்பி குடிக்கும்போது?”

“கேட்டேன்” என்றார். “கேட்டுட்டுத்தான் அக்கா வீட்டுக்கு இன்னைக்கு வரைக்கும் போகல. நீ எதுக்குன்னு கேட்டதே இல்ல.”

கேட்டதில்லை. அக்காளுக்கும் தம்பிக்கும் ஏதோ சொத்துத் தகராறு என்று அவள் தானாக ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷன் எத்தனை காலமாக இதைத் தனியாக முதுகில் சுமந்தார்?

அவர் குனிந்து தண்ணீர் ஓரத்திலிருந்து ஒன்றைப் பிடித்தார். டார்ச் தேவைப்படவில்லை, இன்னும் வெளிச்சம் இருந்தது. உள்ளங்கையில் வைத்து அவளிடம் நீட்டினார். மணல் நிறம், ஆனால் பக்கவாட்டில் ஊர்த் தேரையின் கறுப்புப் புள்ளிகள். தலையில் ஒரு பக்கம் வரம்பு இருந்தது, மறுபக்கம் இல்லாததுபோல் இருந்தது. அவள் அதை வாங்கிக்கொண்டாள். கையில் அதன் தொண்டை அடித்துக்கொண்டது. இது எது, இதை எதில் சேர்ப்பாய் என்று யாராவது கேட்டால் அவளால் சொல்ல முடியாது, பெயர் வைத்தவளாலேயே முடியாது. கண்களில் மட்டும் பொன்பொடி தூவினதுபோல் ஒரு வளையம். இது என்னையப் பாத்துச்சு. தேரை அவளைப் பார்த்தது. அல்லது வெறுமனே கண்ணைத் திறந்துவைத்திருந்தது. தேரைகள் அப்படித்தான் வைத்திருக்கும்.

“பேரு அதுகூடவே இருக்கட்டும்” என்றார் வேதமாணிக்கம். யாரிடமோ தோற்றவர்போல் அல்ல, களைத்துப் போனவர்போல் சொன்னார். “அவ புடிச்சதுக்கே அந்தப் பேரு இருக்கட்டும், போ. செல்லாத பேருன்னு எழுதிக்கிடட்டும். செல்லாட்டா என்ன, பேரு பேருதான.”

அவள் தேரையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு போனை எடுத்தாள். இசக்கியப்பன் முதல் மணியிலேயே எடுத்தான், காத்திருந்திருப்பான் போல. மனு வேண்டாம் என்றாள். யோசித்துத்தான் சொல்கிறீர்களா மேடம் என்று இரண்டு முறை கேட்டான். உண்மையை எழுதிவிடு, ஜாடியில் இருப்பது கலப்பு, அந்தப் பெயர் அதோடு நிற்கும் என்று எழுது என்றாள். அப்படியானால் மணலில் இருப்பதற்குப் புதுப் பெயர் வேண்டுமே, நீங்களே ஒன்று சொல்லுங்கள் என்றான். கணவரைப் பார்த்தாள். “புதுசுக்கு என்ன பேருன்னு கேக்கான்.”

“மணலோட பேர வைக்கச் சொல்லு” என்றார் அவர், ஒலிவாங்கியின் கம்பியைச் சுருட்டியபடி. “மணலுக்குச் சாவு கிடையாது.”

அவள் அதை அப்படியே போனில் சொல்லப் பார்த்தாள். அதற்குள் குட்டை முழுக்கக் கத்தத் தொடங்கிவிட்டது, இழுப்பும் தட்டலும் தடுமாறலுமாக, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து. பெங்களூரில் அவன் காதுக்கும் அது போயிருக்க வேண்டும்.

“நல்லாக் கேக்குது மேடம்” என்றான் இசக்கியப்பன், பழைய மாணவனின் குரலில். “இதுல நம்ம தேரை எது, ஊர்த் தேரை எது?”

ஜெபக்கனி உட்கார்ந்து கையைத் தண்ணீர் ஓரத்தில் விரித்தாள். அது உடனே போகவில்லை. கொஞ்சம் இருந்துவிட்டு, ஒரே எட்டில் மற்றவற்றின் நடுவே இறங்கிற்று. அப்புறம் எது அது என்று தெரியவில்லை.

“தெரியலப்பா” என்றாள். “எனக்கு நிஜமாவே தெரியல.”